சுட்டதா, அவித்ததா?

கத்தரிக்காய் சுடுவதைப் பற்றி ஆண்டிதழில் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தமிழ்மொழிக் கழகத்தின் இதழ் என்றால் மொழி, இலக்கியம், சமுதாயம் என்று எதையாவது தொட்டு எழுத வேண்டும் என்பது நம்மிடையே எழுதப்படாத விதி. அந்த விதியை நானும் மீறப் போவதில்லை. இந்தக் கத்தரிக்காயில் மொழி இருக்கிறது. சமுதாயமும் கொஞ்சம் இருக்கிறது. இலக்கியத்துக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. நான் வேதியியல் மாணவன்.

சுட்ட கத்தரிக்காய்த் துவையல்தான் விஷயம். முழுக் காயை நெருப்பில் போட்டு, தோல் கருகி உள்ளே குழைந்ததும் எடுத்து, தோலை உரித்துச் சதையைப் பிசைந்து, மிளகாய், புளி, உப்பு, வெங்காயம் சேர்த்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. கத்தரிக்காய் விளையும் ஊர்களில் எல்லாம் யாரோ ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். வட இந்தியாவில் இது பைங்கன் பர்த்தா. சிரியா, லெபனான், ஜோர்தான் பக்கம் எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் சேர்த்து முதப்பல் என்கிறார்கள். பாபா கனூஷ் என்ற பெயரை நம் ஊர் அரபு உணவகங்களின் பட்டியலில் நீங்களே பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் கொத்சு வைப்பதற்கும் சிலர் காயைச் சுடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் இது பாட்டியின் சொத்து.

பாட்டி பேராக் மாநிலத்தில், தைப்பிங்குக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் இருந்தவரை ரப்பர் விறகில் சமையல். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் உடைபட்ட பிறகு, ஊர் ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்குத் தாத்தாவும் பாட்டியும் வந்தார்கள். அங்கே கேஸ் அடுப்பு இருந்தது. ஆனால் கத்தரிக்காய், கருவாடு, அப்பளம் ஆகிய மூன்றுக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பை வைத்திருந்தார். கரிக்கு அங்கே பஞ்சமில்லை. கோலா செப்பெத்தாங் பக்கத்திலேயே இருக்கிறது. மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் மரங்களைக் கவிழ்த்த பானை போன்ற பெரிய செங்கல் சூளைகளில் அடுக்கி, வாயை மூடி, ஏறக்குறைய ஒரு மாதம் மெல்ல மெல்லக் கரியாக்கும் ஊர் அது. போர்ட் வெல்ட் என்பது அதன் பழைய பெயர். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போடப்பட்டது. (தைப்பிங்காரர்கள் இந்தச் செய்தியைச் சொல்லாமல் எந்தக் கதையையும் முடிக்க மாட்டார்கள். நான் பாதித் தைப்பிங்காரன்.)

2022ஆம் ஆண்டில் தாத்தா காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு பாட்டியைக் கிள்ளானுக்கு, எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒன்பதாவது மாடி. கரி அடுப்பை அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். வந்த எட்டு மாதத்தில் பாட்டியின் எடை நாற்பத்தெட்டு கிலோவிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. மருத்துவர் இரத்தம், நெஞ்சு, வயிறு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் தென்படவில்லை, சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். சொல்லாமலா இருந்தோம்? பாட்டி மறுக்கவும் மாட்டார். தட்டில் போட்டதை இரண்டு வாய் எடுத்துவிட்டுச் சோற்றை ஓரமாக ஒதுக்குவார். கேட்டால், "எல்லாம் ஒரே மாரி இருக்கு தம்பி" என்பார். குறையாகச் சொல்ல மாட்டார், மழை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

என்னதான் வேண்டும் என்று அம்மா விடாமல் கேட்டதில் ஒருநாள் துவையல் என்று வந்தது. அம்மா அன்றே வேலை முடிந்து வரும் வழியில் காய் வாங்கி வந்தார். ஏர் ஃபிரையரில் வைத்தார். இருபது நிமிடத்தில் காய் நன்றாகவே வெந்தது. உரித்து, பிசைந்து, பாட்டி செய்வதைப் போலவே மிளகாய், புளி எல்லாம் சேர்த்துச் சூடான சோற்றோடு வைத்தார். பாட்டி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"நல்லாருக்கு. ஆனா இது சுட்டதில்ல. அவிஞ்சது."

அம்மா ஒன்றும் பேசாமல் தட்டைக் கழுவப் போய்விட்டார். எட்டு மணி நேரம் தொழிற்சாலை அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து செய்த துவையல் அது. அன்று இரவு நான், அடுத்த முறை கேஸ் அடுப்பிலேயே நெருப்பில் காட்டிச் சுட்டால் என்ன என்று கேட்டேன். "என் வீட்டுல பொகை வேணாம் தம்பி" என்றார். அம்மாவின் குரலில் அவ்வளவு உறுதியை நான் அதிகம் கேட்டதில்லை.

பாட்டி சொன்ன அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவிஞ்சது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவன். யூ.பி.எஸ்.ஆரில் தமிழின் இரு தாள்களிலும் ஏ எடுத்தவன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ், பள்ளி முடிந்த பிறகு, வயிறு பசிக்கும் வேளையில், வேறு பள்ளியிலிருந்து வரும் ஆசிரியருக்காகக் காத்திருந்து படிக்க வேண்டிய பாடமாக இருந்தது. எஸ்.பி.எம். வரை விடாமல் எடுத்தேன். எனக்கு இரட்டைக்கிளவி தெரியும், உவமைத்தொடர் தெரியும், மரபுத்தொடர் தெரியும். ஆனால் நெருப்போடு சம்பந்தப்பட்ட எதற்கும் வீட்டில் என் வாயில் வருவது ஒரே சொல்தான்: பாக்கார். கோழியும் பாக்கார், மீனும் பாக்கார், ரொட்டியும் பாக்கார், குப்பையும் பாக்கார். மலாயில் சொல் இல்லை என்று சொல்ல வரவில்லை. பாங்காங், சாலாய், ஹாங்குஸ் என்று அதிலும் தனித்தனிச் சொற்கள் உண்டு. என் நாக்கில் தங்கியது அந்த ஒன்றுதான்.

பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டேன். காகிதம் எடுத்து எழுதியும் வைத்தேன். அவித்தல் என்றால் தண்ணீரின் ஆவியில் வேகுவது. வதக்கல் என்றால் எண்ணெயில் புரட்டுவது. வாட்டல் என்றால் நெருப்புக்கு மேலே காட்டுவது, வாழையிலையை வாட்டுவதைப் போல. சுடுதல் என்றால் நெருப்பு காயைத் தொட வேண்டும். சுடுவதிலும் படிகள் உண்டு. "வாட்டுனா பத்தாது. பொசுங்கணும். ஆனா தீஞ்சிறக் கூடாது." பொசுங்குவது தோலோடு நிற்பது, தீய்வது சதைக்குள் இறங்குவது. இந்த மூன்று சொற்களும் தெரிந்தால் கடிகாரமே தேவையில்லை. பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த இரட்டைக்கிளவிகளும் பாட்டியின் கையில் வேலைக்காரர்களாக மாறின. அடுப்பில் இருக்கும்போது தோல் மொடமொடவென்று ஆக வேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே தளதளவென்று இருக்க வேண்டும். பிசைந்த பிறகு கொழகொழவென்று ஆகிவிட்டால் கை ஓவராகப் போய்விட்டது என்று அர்த்தம்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். பாட்டியின் நாக்கு சொன்னது வேதியியல்படி முற்றிலும் சரி. கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சதை முழுவதும் நுண்ணிய காற்றறைகள், கடற்பஞ்சு மாதிரி. அதனால்தான் பொரிக்கப் போட்டால் அப்படி எண்ணெய் குடிக்கிறது. மூடிய பெட்டிக்குள் சூடான காற்றில் வைத்தால், தோல் பை போல இருக்க, உள்ளே இருக்கும் தண்ணீரே ஆவியாகிச் சதையை வேக வைக்கிறது. காற்றறைகள் சுருங்கிக் காய் குழைகிறது. அவ்வளவுதான். தன் ஆவியில் தானே அவிந்த காய் அது.

புகை வாசனைக்குக் காரணம் வேறு. மரத்திலும் செடியின் நாரிலும் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது கடும் சூட்டில் சிதையும்போது குவாயகோல், சிரிங்கோல் போன்ற சேர்மங்கள் புகையாக எழுகின்றன. புகைபோட்ட மீனில் நாம் முகர்வது இவற்றைத்தான். இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கரி என்பது என்ன? கோலா செப்பெத்தாங் சூளையில் ஒரு மாதம் வெந்தபோதே மரத்திலிருந்த ஆவியாகும் பொருள்களில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கார்பன். நன்றாகப் பிடித்த கரித்தணலில் புகையே அதிகம் இருக்காது. அப்படியென்றால் பாட்டியின் துவையலில் இருந்த அந்த மணம் எங்கிருந்து வந்தது? தணலிலிருந்து வந்ததைவிட, பொசுங்கிய தோலிலிருந்து வந்ததே அதிகமாக இருக்க வேண்டும். காய் தன் தோலை எரித்துத் தனக்கே புகை போட்டுக்கொள்கிறது. கரி அதற்குச் சூடு கொடுத்ததோடு சரி. சூடு கொடுப்பதற்கு நீல நிறத்தில் எரியும் கேஸ் நெருப்பும் போதும், அது தோலைத் தொட்டால்.

இதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஜோர்தான் நாட்டு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவருடைய தாயார் அம்மானில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாகக் கேஸ் அடுப்பின் மேல் நேராக வைத்துத்தான் முதப்பலுக்குக் காய் சுடுகிறாராம். அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாள் விரித்துவிட்டால் துடைக்கும் வேலை மிச்சம் என்ற யோசனையும் அந்தத் தாயாருடையதுதான். கத்தரிக்காய்க்கு அரபியில் பாதிஞ்ஞான். அதுதான் போர்த்துக்கீசியரின் வாய்வழியே திரும்பி வந்து நம் ஊர் ஆங்கிலத்தில் பிரிஞ்சால் ஆகியிருக்கிறது என்று அவருக்கு நான் சொன்னேன். தமிழில் கத்தரிக்கு வழுதுணை என்று ஒரு பழைய பெயரும் இருப்பதைச் சொன்னபோது நான்கு முறை உச்சரித்துப் பார்த்தார். ழகரம் வரவில்லை. நம்மில் பலருக்கும் வருவதில்லை என்று ஆறுதல் சொன்னேன்.

ஆக, வேதியியல் என் பக்கம், ஜோர்தான் என் பக்கம். அம்மா மட்டும் என் பக்கம் இல்லை. புகையைப் பற்றித் தேடிப் படித்ததில் அம்மாவின் பக்கத்திலும் பலமான ஆதாரம் கிடைத்தது. விறகு, கரி போன்றவற்றைக் கொண்டு சமைப்பதால் வீட்டுக்குள் சேரும் மாசுக் காற்று 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாக இருந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் புகைக்கு முன்னால் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும். இதை அம்மாவிடம் காட்டினேன். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான். அம்மா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நான் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

பாட்டியும் தாத்தாவும் விடியும் முன்பே வெட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் பத்து வயதிலிருந்து காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பது அம்மாவின் வேலை. மழைக்காலத்தில் ரப்பர் விறகு ஈரமாக இருக்கும். ஊதாங்குழலை வைத்து ஊதினால் நெருப்புக்கு முன்னால் புகைதான் வரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை அது ஒரு விஷயமே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அதே அடுப்பங்கரையிலிருந்து வந்தவர்கள். 1988ஆம் ஆண்டில் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்த மாணவி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, உன் வீடு தீப்பிடித்துவிட்டதா என்று மலாயில் கேட்டாளாம். கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டாள் என்று அம்மா சொன்னார். அதுதான் இன்னும் மோசம். அதற்குப் பிறகு அம்மா சீருடையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, சமையலை முடித்துவிட்டு, வெளியில் குளியலறைக்குப் பக்கத்தில் போய் உடுத்திக்கொண்டு பேருந்து ஏறியிருக்கிறார். தலைமுடியைப் பையில் கட்ட முடியாதே. ஐந்தாம் படிவம் வரை அப்படித்தான்.

இதையெல்லாம் பாட்டி கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இது புதிது என்று நினைக்கிறேன். வெகு நேரம் கழித்து, "சொல்லவே இல்லையேம்மா" என்றார். "சொன்னா என்னா செஞ்சிருப்பீங்க? வெறகுக்குப் பதிலா என்னா இருந்துச்சு?" என்று அம்மா கேட்டார். பாட்டியிடம் பதில் இல்லை. எனக்கும் அதற்கு மேல் வேதியியல் பேச வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அம்மாவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதி கொடுத்தார். நிபந்தனைகள் இருந்தன. எங்கள் வீட்டில் துணி காயப்போடும் இடம் சமையலறைக்குப் பின்னால். முதலில் அங்கிருக்கும் துணியை எல்லாம் எடுத்து அறைக்குள் மாட்டிவிட வேண்டும், குறிப்பாகத் தங்கச்சியின் பள்ளிச் சீருடையை. கூடத்துப் பக்கம் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பாட்டி அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. இருமல் வரும். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கலாம்.

செய்முறையைக் கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் நீளமான ஊதாக் கத்தரிக்காயே இதற்கு ஏற்றது. குண்டுக் காயைவிடச் சீக்கிரம் வேகும். தோல் மினுமினுப்பாகவும் காய் கெட்டியாகவும் இருக்க வேண்டும். முற்றிய காயில் விதை அதிகம், கசக்கும். காம்பைக் கிள்ளக் கூடாது, அதுதான் பிடி. முள்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி விடுங்கள். இல்லையென்றால் உள்ளே ஆவி அடைத்துக் காய் வெடிக்கலாம். அடுப்பை நடுத்தரமாக வைத்து, நெருப்பின் மேலேயே காயை வைத்து, ஒரு பக்கம் பொசுங்கிய பிறகு அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். எங்கள் அடுப்பில் ஒரு காய்க்குப் பத்து நிமிடம், தடித்த காய் என்றால் பன்னிரண்டு. காம்புக்குப் பக்கத்தில் கடைசியாகத்தான் வேகும், அவசரப்படாதீர்கள். எடுத்த காயை ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். தோல் தானாகக் கழன்று வரும். குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவினால் பட்ட பாடெல்லாம் சாக்கடையில் போய்விடும். விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உரிப்பதுதான் முறை. கருகிய தோலைத் தின்ன வேண்டாம், அது உடம்புக்கு நல்லதல்ல. சதையில் ஒட்டிய ஒன்றிரண்டு துணுக்குகளுக்காகப் பதற வேண்டியதும் இல்லை.

நான்கு காய்ந்த மிளகாயையும் ஐந்தாறு சின்ன வெங்காயத்தையும் அதே நெருப்பில் சுட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பாட்டியின் இரகசியம்: சுண்டுவிரல் நகம் அளவு பெலாச்சான், அதையும் கம்பியில் குத்திச் சுட வேண்டும். தமிழ்நாட்டுப் பாட்டிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. எங்கள் பாட்டி பேராக் பாட்டி. மிளகாய், உப்பு, பெலாச்சான், ஒரு பல் பூண்டு ஆகியவற்றைச் சின்னக் கல்லுரலில் இடித்து, வெங்காயத்தைச் சேர்த்து ஒன்றிரண்டாக நசுக்கி, கெட்டியாகக் கரைத்த புளி ஒரு கரண்டி விட்டு, கடைசியில் கத்தரிக்காயைக் கையால் பிசைந்து கலக்க வேண்டும். மிக்சி வேண்டாம், கொழகொழவென்று ஆகிவிடும். மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். ஜோர்தான்காரர்கள் எள் விழுது சேர்க்கிறார்கள், நாம் எள்ளின் எண்ணெயை ஊற்றுகிறோம். எள்ளுக்கும் இந்தப் புகைக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்க வேண்டும்.

முதல் தட்டைப் பாட்டியின் முன்னால் வைத்தபோது அவர் தொடுவதற்கு முன்பே குனிந்து முகர்ந்து பார்த்தார். சாப்பிட்டார். சோற்றை ஒதுக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என எதிர்பார்த்து நின்ற எனக்குக் கிடைத்தது, "புளி பத்தல" என்ற ஒரு தீர்ப்புதான். பிறகு, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் இது நடக்கிறது. துவையலால் மட்டும் ஒருவர் உடம்பு தேறிவிடாது. மருத்துவர் கொடுத்த சத்துமாவும் சேர்ந்து எடை நாற்பத்து நான்குக்கு வந்திருக்கிறது. பாட்டி அடுத்ததாகக் கருவாடு கேட்கிறார். அதற்கு மட்டும் வீட்டில் ஒருமனதாக மறுப்பு. ஒன்பது மாடிக்கும் தெரிந்துவிடும். அம்மா துவையலைத் தொடுவதில்லை. நாங்களும் வற்புறுத்துவதில்லை. சனிக்கிழமை மாலையில் கிள்ளான் சந்தைக்குப் போய் ஒவ்வொரு காயாக எடுத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, விதையில்லாத பிஞ்சாக நான்கு வாங்கி வருவது மட்டும் அம்மாவின் வேலை. அதை என்னிடம் விடுவதில்லை. எனக்குக் காய் பார்க்கத் தெரியாதாம்.